பூமாலைக்குக் கிடைத்த பிரதி

ஒலக்கூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் பூமாலைக்கு வாய் கொஞ்சம் நீளம். முட்டை அழுகியிருந்தால் கோழியைத் திட்டுவாள், பஸ் வரவில்லையென்றால் மழையைத் திட்டுவாள். அண்ணன் கண்ணையன் எதிரில் மட்டும் பெட்டிப்பாம்பு. புருஷன் கைவிட்டுப் போன அன்று, ஒரு வார்த்தை கேட்காமல் அவளைக் கூட்டிவந்து சோறு போட்டவர் அவர்.

அப்பா விட்டுப்போன நிலத்தில் தங்கைக்கும் சரிபாதி என்று அவரேதான் முடிவு செய்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. ஊர் சும்மா இருக்குமா? "நெனப்பு இல்லாத மனுசன் வெரலப் புடிச்சி எழுதி வாங்கப் போவுது எங்க அத்தை" என்று அவர் மகன் வல்லரசே டீக்கடையில் பேசினான். அதைக் கேட்டதிலிருந்து பூமாலைக்குச் சோறு இறங்கவில்லை.

திண்டிவனத்தில் பத்திரம் எழுதும் வேணி, பாகப்பிரிவினையை இரண்டு பிரதியாக அடித்து வைத்திருந்தாள். இரண்டும் பதிவாகும், ஆளுக்கு ஒன்று. இரண்டிலும் பக்கத்துக்குப் பக்கம் அண்ணனும் தங்கையும் கையெழுத்துப் போட வேண்டும்.

"கைநாட்டு வைங்கண்ணா, செல்லும்" என்றாள் வேணி.

அவர் கேட்கவில்லை. இடது கையால் பேனாவைப் பிடித்தார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் பழகியிருக்கிறார் மனுஷன்! எழுத்து கோணிக்கொண்டு வந்தது, நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. பூமாலை முந்தானையால் வேர்வையைத் துடைத்துவிட்டாள். ஒரு பிரதியை முடித்ததும் விரல்கள் விறைத்துப் பேனா கீழே விழுந்தது.

"போதும்ண்ணா. என்னுதுல கைநாட்டே வையி" என்றாள் பூமாலை. சொல்லிவிட்டாளே தவிர, அதை வைத்துக்கொண்டு வல்லரசுக்கு என்ன பதில் சொல்வது என்று உள்ளுக்குள் உதறல்தான்.

இன்னொரு பிரதி கைநாட்டோடு போனது. பதிவு முடிந்து வெளியே வந்தபோது, மூத்தவராயிற்றே என்று கையெழுத்துப் போட்டதை வேணி கண்ணையனிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கித் தங்கை கையில் வைத்தார்.

"இது உன்னுதுண்ணா!"

"எனுக்கு கைநாட்டு போதும் பூமா" என்றார் குழறலாக. "நானு எம்மேலயே கேஸு போடப்போறனா? உன்னக் கேக்கறவன் மூஞ்சில இத்தக் காட்டு. கையெழுத்துப் பழகுனதே உனுக்குத்தான்."

அந்தக் கோணல் எழுத்தின்மேல் கண்ணீர் விழுந்துவிடாதபடி பத்திரத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பூமாலை நடுரோட்டில் ஓவென்று அழுதாள்.