பாப்பாவுக்கு நூற்ற நூல்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த வாரத்தில், குருவிநத்தத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நடந்தது இது.

அதற்கு முந்தைய ஆடியில் எங்கள் முதல் குழந்தை, பெண் குழந்தை, பிரசவத்துக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது வயிற்றிலேயே இறந்துவிட்டது. கர்ப்பமாக இருந்த மாதங்களில் என் மனைவி ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டே இருப்பாள். வில்லியனூரில் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டது. அந்த நூலில் பாப்பாவுக்குத் தொட்டில் கட்ட ஏணைத் துணி நெய்து வாங்க வேண்டும் என்று ஆசை. குழந்தை போனபின் நூலையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டி, பீரோ மேல் வைத்துவிட்டாள். எங்கள் பேச்சும் அதோடு சுருங்கிவிட்டது. சாப்பாடு ஆச்சா, கேஸ் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்.

என் தங்கைக்குப் பிரசவம் நெருங்கிய சமயம், மனைவியே அந்தப் பையைக் கீழே இறக்கினாள். நூலுக்கு மஞ்சள் சாயம் ஏற்றித் தங்கை குழந்தைக்குத் தரப்போவதாகச் சொன்னாள். எனக்குள் அப்படி ஒரு நிம்மதி. ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் ஆற்றோரப் புதர்ப் பக்கம் வண்டியை நிறுத்தி ஆவாரம்பூ பறித்துவந்து கொடுத்தேன். அவள் நூலைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டாள். பூவைக் காய்ச்சி வடிகட்டி வைத்தாள். எவர்சில்வர் குண்டான் சின்னதாக இருக்கிறது, நூல் நெருக்கிக்கொண்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும் என்று மட்டும் முனகினாள்.

மறுநாள் மத்தியானம் பாயில் படுத்தவள் அசந்து தூங்கிவிட்டாள். பல மாதங்களாகச் சரியான தூக்கமே இல்லாதவள். எழுப்ப மனம் வரவில்லை. நாமே முடித்துவைப்போம் என்று, டீக்கடையில் பெரிய இரும்புக் கடாய் ஒன்றை இரவல் வாங்கிவந்து, சாயத் தண்ணீரை ஊற்றிச் சூடாக்கி, நூல் மொத்தத்தையும் அதில் போட்டேன்.

இரும்பில் கடுக்காய் பட்டால் கறுக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இருண்டது. பதறிப்போய்க் குச்சியால் தூக்கிப் பார்த்தேன். மஞ்சளில்லை. நூல் முழுக்கக் கருஞ்சாம்பல். கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசினேன், திரும்பத் திரும்ப அலசினேன். நிறம் போகவே இல்லை. பாப்பாவின் நினைவாக மிச்சமிருந்தது அவள் நூற்ற அந்த நூல் ஒன்றுதான். ஈர நூலை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆடியிலிருந்து வீட்டில் அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டு அவள் எழுந்து வந்தாள். நூலைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கும் அழுவ வருமாங்க?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"ஒரு நாளாவது அழுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சிட்டேன்."

"நீ ஒடிஞ்சிபூடுவன்னு பயந்தேம்மா. டெய்லி ஏரிக்கரையில வண்டிய நிறுத்தி அழுதுட்டுத்தான் வூட்டுக்கு வருவேன்" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் எங்கள் குழந்தையைப் பற்றி முதன்முதலாகப் பேசினோம். மூக்கு யார் மாதிரி, முடி எவ்வளவு அடர்த்தி என்று. ஆஸ்பத்திரியில் அவளுக்கு மயக்கம் தெளியாததால் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லையாம். கையில் வாங்கிய நான் பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அந்த நூலைக் கொடியில் விரித்தபடி, "இது நம்ம பாப்பாவுக்கே இருக்கட்டும்" என்றாள். தங்கை குழந்தைக்குப் புதிதாக நூற்றாள். இந்த முறை பூப்பறிக்க இருவருமாகப் போனோம்.

அவள் தாங்கமாட்டாள் என்று நான் மறைத்த அழுகைதான் அத்தனை மாதமும் அவளைத் தனியாக விட்டிருந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. அதனால்தான் இப்போதெல்லாம் மனசுக்கு ஏதாவது பாரமென்றால் வண்டியை வழியில் எங்கும் நிறுத்தாமல் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.