பார்க்காமல் எழுதிய வாய்கள்

ஐம்பத்தாறாம் ஆண்டு. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்ப்புற்று எவ்வளவு வருகிறது என்று ஆராய ஒரு டொக்டர் கிழக்கிலங்கையின் கல்முனைப் பக்கம் வந்தார். நிந்தவூரில் வீடு வீடாகப் போய் வாய் பார்க்கும் வேலை மசூருக்குக் கிடைத்தது. கன்னத்தின் உட்புறம் வெள்ளை படர்ந்திருந்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ ஆளை டொக்டரிடம் அனுப்பிவிட வேண்டும். வேளைக்கு வந்தால் வெட்டிச் சுகப்படுத்தலாம்.

ஆண்கள் முற்றத்திலேயே வாயைப் பிளந்தார்கள். "பல்ல எண்ணிக் களச்சிப் போயிராத தம்பி, மூணுதான் கிடக்கு," என்று அச்சிமுகம்மதுக் காக்கா சிரித்தார். பெண்கள் திரைக்குப் பின்னால் நின்று "ஒண்டுமில்ல" என்றார்கள். மசூர் படிவத்தில் 'குறையில்லை' என்று எழுதினான். நாற்பத்தொரு பெண்களுக்கு அப்படித்தான்.

கடைசிப் படிவம் அவன் குடியிருந்த வீட்டுக்கு. கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்து மூன்று வருடம். மாமி நபீஸாவின் முகத்தை அவன் நேராகப் பார்த்ததில்லை. அவன் செருமல் கேட்டாலே அவர் அடுப்படிக்குள் போய்விடுவார். "உம்மா இப்ப கொச்சிக்காய்க் கறி வாயில வைக்கிறாவில்ல, எரியுதாம்," என்று மனைவி முனவ்வறா ஒருநாள் சொல்லியிருந்தாள். அந்த எரிவு எதற்கு அடையாளம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் மருமகன் மாமியிடம் வாயைத் திறக்கச் சொல்வதா? எழுதினான்: குறையில்லை.

அடுத்த வருடம் மாமியின் கன்னம் வீங்கி உடைந்தது. "இனி வெட்ட ஏலாது. நோவைக் குறைத்து வைத்திருக்கப் பார்ப்போம்," என்றார் டொக்டர்.

மாமி இப்போது ஒளிவதில்லை. ஆறவைத்த கஞ்சியை மசூரே கரண்டியால் பருக்கினான். ஒரு மத்தியானம், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எரிவு தெரிந்தும் அவர் வாயைப் பார்க்காமலே 'குறையில்லை' என்று எழுதியதைச் சொன்னான்.

நபீஸா முக்காட்டை வாய்க்குமேல் இழுத்தார். புண் மணக்கும் என்ற கூச்சம். "கேட்டிருந்தாலும் நான் காட்டியிருக்க மாட்டன் மருமகன்," என்றார் மெதுவாக. பிறகு, "மத்தப் பொண்டுகள்ற வாயையும் இப்பிடித்தான் பாத்தீங்களா?"



மறுநாள் டொக்டரிடம் போய், பெண்களின் படிவங்கள் நாற்பத்திரண்டும் பொய் என்றான். அவர் ஏசி முடிக்கும்வரை நின்றான். பிறகு மருத்துவிச்சி மெட்டில்டாவைக் கூட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனான்.

"போன வருசம் பாத்துட்டுத்தானே போனீங்க?" என்றது திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல்.

"இல்ல ராத்தா. பாக்கல்ல."

மெட்டில்டா உள்ளே போனாள். அவள் வெளியே வரச் சுணங்கச் சுணங்க, முற்றத்தில் நின்ற மசூர் பழைய படிவத்தில் 'குறையில்லை' என்றிருந்ததை அடித்துவிட்டுத் திரையையே பார்த்தான்.