லெட்சுமி அனுப்பிய சுருட்டைக் கம்பி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் தாய் வெளிநாடு போன வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் தலையைப் பார்த்தால் போதும். தாய் ஏஜென்சிக்காரனோடு கொழும்புக்கு பஸ் ஏறிய மறுமாதமே பேன் மண்டிவிடும். தகப்பன் கத்தரிக்கோலைத் தேடுவான். அப்புறம் அந்தப் பிள்ளை பையனைப் போல ஒட்ட வெட்டிய தலையோடு பள்ளிக்கூடம் போகும்.

எங்கள் லயத்தில் எனக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த பழனியாண்டி ஒருவன்தான் மகள் தலையில் கத்தரிக்கோல் படவிடாமல் இருந்தவன். அவன் மனைவி லெட்சுமி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது மகள் நிஷாந்திக்கு ஐந்து வயது. "கஞ்சியோ கூழோ ஊத்துங்க, அது உங்க பாடு. புள்ள முடிய மட்டும் வெட்டிறாதீங்க. நான் வந்து பின்னிவிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்றவள், நாலு வருஷமாகியும் வரவில்லை.

பழனியாண்டியின் கை தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கை. அவன் போடும் பின்னல் ஒரு நாள் காதுப் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், மறுநாள் பாதி வழியில் அவிழ்ந்து தொங்கும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் பேன் சீப்போடு அவன் உட்கார்ந்தால் லயத்துப் பொம்பிளைகள் எல்லாம் சிரிப்போம். நான் உதவிக்குப் போனாலும் விடமாட்டான். சரியான வீம்புக்காரன். ஆனால் பிள்ளைக்கு முடி இடுப்பைத் தொட்டது. அதைப் பார்க்கும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

2003 தைப்பொங்கல் கழிந்து, சவூதியிலிருந்து லீவில் வந்த டயகமத் தோட்டத்துக்காரி ஒருத்தியிடம் லெட்சுமி பார்சல் கொடுத்தனுப்பியிருந்தாள். பால்மா, சவர்க்காரம், ஒரு கம்பளி. கூடவே அவள் எஜமானியம்மா வேண்டாமென்று ஒதுக்கிய தலை அலங்காரச் சாமான்கள். முள்ளு முள்ளான பிளாஸ்டிக் உருளைகளை நிஷாந்தி அன்றைக்கே தலையில் மாட்டிக்கொண்டாள். மாட்ட முடிந்ததே தவிர எடுக்க முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சிக்கெடுத்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இன்னொன்று முடி சுருட்டுவதற்கான, கரண்டில் சூடாகும் கம்பி.

லெட்சுமி பேசிப் பதிந்த கேசட் ஒன்றும் இருந்தது. எஜமானியின் மகளுக்குத் தினமும் தான்தான் முடி சுருட்டிவிடுவதாக அதில் சொன்னாள். "சுருட்டுறப்ப எல்லாம் நம்ம புள்ள தலதாங்க நெனப்பு. நீங்களும் சுருட்டிவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கம்பியில முடிய சுத்திக்கிட்டு இருவது எண்ணுங்க, போதும்."

அந்த ஞாயிறு காலை, போட்டோ எடுக்கப் போகவென்று நிஷாந்தி புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளக்கின் தட்டைப் பல் நம் சொக்கெட்டில் நிற்கவில்லை. பழனியாண்டி தீக்குச்சி செருகி நிற்க வைத்தான். வலப்பக்கத்து முடியை மொத்தமாக அள்ளிக் கம்பியில் சுற்றி, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான். பத்தைத் தாண்டும்போதே கருகல் வாடை. எடுக்கச் சொல்லிக் கத்தினேன். அவனோ லெட்சுமி சொன்ன கணக்கை விடாமல் எண்ணிக்கொண்டே போனான். பிள்ளை "சுடுதுப்பா" என்றதும் பதறி இழுத்தான். காதுக்குக் கீழே இருந்த முடி அத்தனையும் கம்பியோடு வந்துவிட்டது.

சவூதியில் கரண்ட் நம் கரண்டில் பாதிதானாம், அதற்குச் செய்த கம்பி இங்கே பல மடங்கு சூடாகிவிடுமாம். பஜாரில் ரேடியோ திருத்துகிறவன் பிறகு சொன்னான், என்னவோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போல.

ஒரு பக்கம் இடுப்பு வரை, ஒரு பக்கம் காது வரை. அப்படியே விட முடியுமா? பழனியாண்டி கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினான். "என்னால முடியாதுங்க அக்கா." நான்தான் வெட்டினேன். நிஷாந்தி அழவில்லை. அவன்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். மறுநாள் மலையில் தேயிலை வேலைக்குப் போனபோது, வீட்டிலும் கவ்வாத்துப் போட்டுவிட்டான் என்று கேலி செய்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை நன்றாகக் கொடுத்தேன்.

சித்திரையில் லெட்சுமி வருவதாக இருந்தது. அவள் கேட்ட போட்டோ போகவில்லை. ஸ்டூடியோ பூட்டியிருக்கிறது என்று ஒரு தடவை, மழை என்று ஒரு தடவை போனில் சமாளித்தான். வந்து பார்த்தால் என்ன சொல்வது என்ற பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வராமல் இருந்தாலும் தேவலை என்றுகூட ஒருநாள் என்னிடம் சொன்னான்.

பங்குனியில், சவூதியிலிருந்து பஜார்க் கடைக்கு அவள் போன் எடுத்துப் பேசும் நாளில், மகளையும் கூட்டிக்கொண்டு போனான். நானும் சாமான் வாங்கக் கூடவே போயிருந்தேன். முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று லெட்சுமி கேட்டிருக்க வேண்டும். "இடுப்புக்குக் கீழ வந்துருச்சும்மா. அப்பா நல்லா பின்னிவிடுறாரு" என்றாள் நிஷாந்தி. பிறகு அவன் வாங்கிக் காதில் வைத்தான். ம், ம் என்றதோடு சரி. எஜமானிக்குப் பிள்ளை பிறக்கப் போகிறதாம். பாஸ்போர்ட் அவர்கள் கையில். இன்னும் இரண்டு வருஷம் கழித்துத்தான் விடுவார்களாம்.

வெளியே வந்து மகளிடம் சொன்னான். அவள் கழுத்துப் பக்கம் கையை வைத்து முடியைத் தடவிப் பார்த்தாள்.

"பரவால்லப்பா. அதுக்குள்ள வளந்துரும்" என்றாள்.

பழனியாண்டி பஜார் நடுவிலேயே உட்கார்ந்து அழுதான்.