சுண்ணக்கட்டிக் கோடு இல்லாத நாலு நட்டு

ரத்தினம் அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை, வெள்ளவத்தையில்... நாளை மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். அவருடைய மகன் போட்ட படத்தை இப்போதுதான் போனில் பார்த்தேன்.

படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். "கொட்டாஞ்சேனையில கராஜ் வச்சிருந்த சில்லுக் கழண்ட ரத்தினமா இது?" சிரிக்கிற பொம்மை வேறு.

ஐயோ, அப்படிச் சொல்லாதீர்கள். அறுபது வருசம் தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லையா? அந்தப் பெயர் அவருக்கு என்னால் வந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு விரலால்தான் தட்டுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும், கடைசி வரைக்கும் வாசித்துவிடுங்கள். நாளை மூன்று மணிக்குள் வாசித்துவிடுங்கள்.

வெள்ளைக்காரன் காலம் அது. எனக்குப் பதினேழு வயது, கல்யாணமாகி ஒரு வருசம். என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஒரு கறுப்பு ஹயரிங் கார் ஓட்டினார். எங்கள் ஒழுங்கை முனையில்தான் ரத்தினம் அண்ணனின் கராஜ்.

யார் கார் கொண்டுவந்தாலும் அவர் வாய் சும்மா இருக்காது. "காலமையில பொனட்டைத் திறந்து தண்ணியும் ஒயிலும் பாருங்கோ ஐயா. கண்ணாடியில முகம் பாக்கிற நேரத்தில பாதி போதும்."

ரேடியேட்டர் கொதித்தால், "மூடியில கை வையாதைங்கோ, அது ஆறட்டும், நீங்களும் ஆறுங்கோ" என்பார். என் வீட்டுக்காரர் சிரிப்பார். "கார் ஓட்டுறது நான், கதை ஓட்டுறது நீ."

சில்லு, அதுதான் கார்ச் சக்கரம், அந்த விசயத்தில் மட்டும் அவரிடம் விளையாட்டு இல்லை. ஜாக்கிலிருந்து காரை நிலத்துக்கு இறக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. வரிசையாக இல்லை, குறுக்கே குறுக்கே. இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவார்.

கோடு இல்லை என்றால் அது இறுக்காத நட்டு. ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

சுதந்திரத்துக்கு முந்திய நவராத்திரி. ஆயுத பூசையன்று பின்னேரம் எங்கள் வாசலில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். முன் பக்கத்து வலது சில்லைக் கழற்றி பிரேக் பார்த்து, திரும்பப் பூட்டி, காரை இறக்கிவிட்டார். நட்டுகள் கையால் சுற்றிய மட்டில் நின்றன. கடைசி இறுக்குதான் பாக்கி.

நான் போய்க் கையை நீட்டினேன். "ஸ்பானரைக் கொடுங்கண்ணே. நல்ல நேரம் முடியப்போகுது, பூசையில வைக்கணும்."

"நாலே நாலு நட்டு தங்கச்சி. இறுக்கிப்போட்டுத் தாறன்."

"வேணாண்ணே, கொடுங்க. அவர் வந்தா ஏசுவாரு."

ரத்தினம் அண்ணன் யாழ்ப்பாணத்து ஆள். எங்கள் இந்தியக் குடும்பத்து வழக்கம் அவருக்குப் புதிது. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்று நான்தான் சொன்னேன். அந்த நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பானரும் எங்கள் காரோடு வந்த அது ஒன்றுதான்.

கொடுத்துவிட்டார். "காலமை நான் வந்து இறுக்காமல் காரை அசைக்கக் கூடாதெண்டு அவரிட்டச் சொல்லுங்கோ. மறக்காதைங்கோ என்ன?"

"சொல்றேண்ணே" என்றேன்.

சொல்லவில்லை... வடைக்கு உளுந்து ஆட்டினேன். காருக்குச் சந்தனம் பூசினேன். கோடு இருக்க வேண்டிய அந்த நாலு நட்டிலும் என் கையாலேயே குங்குமம் வைத்தேன்.

விடிந்ததும் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்ததும் நான்தான். என் வீட்டுக்காரர் அதை நசுக்கிக்கொண்டு காரை எடுத்தார். வெள்ளவத்தையில் ஒரு துரையை ஏற்ற வேண்டும் என்று அவசரம். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கார் சந்தியில் திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

செருப்பில்லாமல் டிராம் ரோட்டு வரைக்கும் ஓடினேன். கத்தினேன். எந்தக் கார் நிற்கும்?

கொள்ளுப்பிட்டியில் சில்லு கழன்று ஓடிவிட்டது. கார் விளக்குக் கம்பத்தில் மோதியது. என் வீட்டுக்காரருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ரத்தினம் அண்ணன் வந்தார். கட்டிலில் கிடந்தபடி இவர் கத்தினார். "நட்டு இறுக்காதவனெல்லாம் ஒரு மெக்கானிக்காடா? போடா வெளியே!"

ரத்தினம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஓம் அண்ணை... என்ர பிழைதான்" என்றார். போய்விட்டார்.

அதன்பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு காரும் அவரிடம் போகவில்லை. கராஜைப் பூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனார். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

வருசங்கள் கழித்து ஒரு நாள் புறக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைக் கண்டேன். "அண்ணே, அன்னைக்கி நான்..." என்று தொடங்கினேன்.

"அண்ணைக்கு இப்ப கால் நோகிறதோ?" என்று கேட்டார். நான் அழத் தொடங்கிவிட்டேன். "பஸ் வருது தங்கச்சி. ஏறுங்கோ."

ஏறிவிட்டேன். அன்றும் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சாகும்வரை அவரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை. பயம்... முதலில் அடிப்பார் என்ற பயம். பிறகு என்ன பயம் என்றே தெரியவில்லை.

ரத்தினம் அண்ணனின் மகனே, தம்பி, உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் அப்பா அந்த நட்டுகளை மறக்கவில்லை. ஸ்பானரை அவர் கையிலிருந்து வாங்கியவள் நான். சொல்லச் சொன்னதைச் சொல்லாதவளும் நான். அந்தச் சிரித்த ஆளுக்கும் இதைக் காட்டுங்கள்.

எனக்கு இப்போது படி இறங்க முடியாது. வர முடிந்தால் காலில் விழுந்திருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளை அவரை ஏற்றிக்கொண்டு போகிற வான் வண்டியின் சில்லு நட்டுகளை, எடுக்குமுன் யாராவது ஒருக்கா இறுக்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு ஒரு கோடு போடுங்கள்.

அண்ணே... சொல்லிட்டேண்ணே. போயிட்டு வாங்க.