முப்பத்தொன்றுக்கு முன் வாங்கிய தடை உத்தரவு

மனோர் பார்க்கில் நாங்கள் இருந்த வீடு அண்ணையின் பெயரில் இருந்தது. வாங்கும்போது எனக்கு இந்த வெளிநாட்டில் தங்க விசா இல்லை. அண்ணை கையெழுத்து வைத்தார், தவணையை நான் கட்டினேன். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் வீடு வாங்கினார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு விசா கிடைத்தது. வீட்டை மாற்றி எழுதவேண்டும் என்று இருவரும் வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். ஒரு மாசி மாதம் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார்.

இருபதாம் நாள், அளவு நாடாவோடு ஒருவர் கதவைத் தட்டினார். அண்ணி அனுப்பினாவாம், வீட்டுக்கு விலை மதிக்க வந்தாராம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சாம்பல் ஆறமுன்னரே விற்கப் பார்க்கிறாவே என்று கத்தினேன்.

“ஒருக்கா அண்ணியிட்டக் கேளுங்கோவன்,” என்றாள் மனைவி.

“முப்பத்தொண்டு முடியாமல் செத்தவீட்டில சொத்துக்கதை கதைக்கிறதோ? உனக்கென்ன விசரே?”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை எனக்குத் துடக்கு. சவரம் செய்யவில்லை, கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் அதே தாடியோடு, விலை மதிக்க ஆள் வந்த மறுநாளே லோயரிடம் போனேன். என் ஆசாரம் அந்த அளவில்தான் இருந்தது. வீடு கைமாறிவிட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம் என்றார் அவர். அந்தக் கிழமையே நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வழக்கு முடியும்வரை அண்ணி அந்த வீட்டை விற்கவோ வேறு பெயருக்கு மாற்றவோ கூடாது. உத்தரவை அவவின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க லோயர் ஆள் அனுப்பினார்.

முப்பத்தொன்றுக்குக் கோலியர்ஸ் வுட்டில் அண்ணி வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனேன். அண்ணி ஒன்றும் நடக்காததுபோலச் சோறு போட்டு, எனக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறையும் ஊற்றினா.

சனம் போனபிறகு தடை உத்தரவு வந்த கவரை எடுத்துவந்தா.

“தம்பி, மகள் வாசிச்சுச் சொன்னவள். வீட்டை விக்கவும் ஏலாதாம், வேற ஆரின்ர பேருக்கும் எழுதவும் ஏலாதாம். அப்ப உங்கட பேருக்கு நான் எப்பிடி எழுதுறது?”

அவ சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. இறந்தவர் பெயரில் உள்ள வீட்டுக்கு மதிப்புக் கேட்டிருந்தார் அண்ணியின் லோயர். அதற்குத்தான் அந்த மனிசன் வந்தார். அது முடிந்தால்தான் எனக்கு எழுதித் தரலாம்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணி?”

“முப்பத்தொண்டு முடியாமல் எப்பிடித் தம்பி உந்தக் கதையைக் கதைக்கிறது?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வெட்கமும் இருந்தது. ஆனால் அதைவிட நிம்மதிதான் கூட. வீடும் போகவில்லை, அண்ணியும் போகவில்லை.

பிறகு இரண்டு லோயர்மாரும் ஒத்து எழுதிய கடிதத்தோடு நீதிமன்றம் போனோம். வழக்காளியும் எதிராளியும் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, அண்ணி கொண்டுவந்த ரோல்ஸைச் சாப்பிட்டோம். தடையை நீக்க நீதிபதிக்கு ஐந்து நிமிசம்கூடப் பிடிக்கவில்லை. வெளியே வந்தபோது நன்றாக மூச்சு விட்டேன். எத்தனை நாளுக்குப் பிறகு!

திரும்பி வரும் ரயிலில் அண்ணி சொன்னா:

“அந்தக் கவர் கொண்டுவந்த வெள்ளைக்காரனை, உங்கட அண்ணையோட வேலை செய்த ஆளாக்கும், துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார் எண்டு நினைச்சிட்டன். இருத்தித் தேத்தண்ணி குடுத்தனான். குடிச்சு முடிச்சுப்போட்டுத்தான் கவரைத் தந்தவர். அவருக்கு முகமே சரியில்லைத் தம்பி. உங்கட அண்ணையில நல்ல பட்சம், பாசம் போல எண்டு நினைச்சன்.”