மூச்சே விடாத ஜப்பான் பாட்டுக்காரியும் எங்கள் கொயரும்

நேற்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. முதல் சரணத்தை நான் தனியாகப் பாடினேன்!

(தனியாக என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். முழுக் கதையையும் கேளுங்கள்.)

ஜப்பானில் ஆளே இல்லாமல் பாட்டுப் பாடுகிறார்கள், தெரியுமா? மெட்டையும் வரியையும் கம்ப்யூட்டரில் போட்டால் அதிலிருக்கும் குரல் பாடிக் கொடுத்துவிடும். இரண்டு வருஷமாக எனக்கு இதில் பைத்தியம். தனுவச்சபுரத்தில் வேலை முடிந்து பஸ் ஏறினால் உதியன்குளங்கரையில் இறங்கும்வரை காதில் அதுதான்.

இருபதுகளில் இருக்கும் எல்லாருக்கும் மனசாரச் சிபாரிசு செய்கிறேன். வேலை பிடிக்கவில்லை, கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், நான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்கிற மாதிரி வரிகள். மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு பஸ்ஸிலேயே கண் கலங்கியிருக்கிறேன்.

புதிதாகக் கேட்பவர்கள் பியானோவோடு வரும் மெதுவான பாட்டில் தொடங்குங்கள். வேகமானதை முதலில் கேட்டால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது என்று நினைப்பீர்கள். (மூன்றாம் தடவை கேட்கும்போது அந்த மிக்ஸியும் பிடித்துவிடும்.)

இனி கொயர், அதாவது சபையின் பாடகர் குழு.

எங்கள் கொயரை நடத்துவது ஜாஸ்மின் அக்கா. நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஊசி குத்தும்போது எப்படியோ தெரியாது, கொயரில் இரக்கமே கிடையாது.

என் பிரச்சினை மூச்சு. நீளமான வரி வந்தால் சரியாக வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கிவிடுவேன். கொயரில் சேர்ந்து ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் தனிச் சரணம் இது. அம்மா சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டாள். அப்போதுதான் அக்கா என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"மெர்லினே, பண்டிகைக்கு முன்ன இது செரியாகணும். இல்லேன்னா பாட்ட ஷைனிக்குக் குடுத்திருவேன், கேட்டியா."

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தக் கவலையில்தான் தப்பு நடந்தது. வாராவாரம் கொயர் குரூப்பில் பயிற்சிப் பாட்டு அனுப்புவது என் வேலை. பஸ்ஸில் நின்றுகொண்டே அனுப்பினேன். பயிற்சிப் பாட்டு என் தோழிக்குப் போனது. தோழிக்கு வைத்திருந்த ஜப்பான் பாட்டு கொயர் குரூப்புக்குப் போனது. நான் திரும்பிப் பார்க்கவேயில்லை.

வேறு ஊராக இருந்தால் "இதென்ன பாட்டு?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். எங்கள் சபையில் கேட்கமாட்டார்கள். இங்கே வார்த்தை இரண்டாம்பட்சம். எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் டோ ரே மி என்று சோல்ஃபா சுரங்களாக எழுதிக்கொள்வார்கள். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு ஆப்பிரிக்கப் பாட்டையே ஒரு வார்த்தை புரியாமல் பாடினவர்கள் நாங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் போனால் பதின்மூன்று பேரும் ஜப்பான் பாட்டை அழகாக எழுதிக் கையில் வைத்திருக்கிறார்கள்!

நானும் ஒரு தாளை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். அக்கா கையை உயர்த்தினார், எல்லாரும் தொடங்கினார்கள். நான்காவது வரிக்குள் பாதிப் பேருக்கு முகம் சிவந்துவிட்டது. பேஸ் என்கிற அடிக்குரல் பாடும் ஷிபின், ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல தடிமாடு, அவனே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, இவ எப்பம் மூச்சு விடுகா?"

நீங்களெல்லாம் பாடுகிற லட்சணம் இதுதானா என்று அக்கா தானே பாடிக் காட்டினார். கூடுதலாக ஒரு வரி போனார், அப்புறம் இருமல் வந்து தண்ணீர் கேட்டார். இனி மறைப்பது பாவம் என்று தோன்றியது.

"அக்கா, அது ஆளில்ல. கம்ப்யூட்டராக்கும்."

என் சரணம் ஷைனிக்குப் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். ஆனால் அக்கா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, ஒரு மெஷினிடம் தோற்கக்கூடாது, இதைப் பாடி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு என்றார்.

அப்போது ஷிபின் தயங்கித் தயங்கி ஒரு உண்மையைச் சொன்னான். பேஸ்காரர்கள் நான்கு பேரும் நீளமான இடங்களில் ஒருவன் மூச்சு எடுக்கும்போது மற்றவன் பிடித்துக்கொள்வார்களாம். இத்தனை வருஷமாக அப்படித்தானாம். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு யார் எங்கே மூச்சு விடுவது என்று எல்லாருக்கும் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். கால்மணி நேரத்தில் அந்தப் பாட்டு அறுபடாமல் போனது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் தனிச் சரணத்தில் கூடப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? அன்றைக்கும் என் மூச்சு அதே இடத்தில் முறிந்தது. அக்கா "பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

நேற்று. பீடத்தைச் சுற்றி வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பலாக்காய். சர்ச் நிரம்பி வழிந்தது. மூன்று வரி நன்றாகப் போனது. கடைசி வரியில், நீட்ட வேண்டிய இடத்தில், காற்று தீர்ந்துவிட்டது.

பாட்டு நிற்கவில்லை.

எங்களைப் பார்த்து, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்த ஜாஸ்மின் அக்கா, கை வீசிக்கொண்டே அதே சுரத்தைப் பிடித்திருந்தார். நான் மூச்சு எடுத்துச் சேர்ந்துகொண்டதும் மெதுவாக விட்டுவிட்டார். யாருக்கும் தெரியாது. அம்மா வெளியே சித்தியிடம் "ஒரே மூச்சாக்கும் பாடினா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். (திருத்த மனசு வரவில்லை.)

ஆராதனை முடிந்ததும் அக்காவிடம் போய், ஏன் ஷைனிக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அந்த மெஷினுக்கு பக்கத்துல நிக்க ஆரும் இல்ல மக்கா, அதாக்கும் அது மூச்சு விடாம பாடுகு. ஒனக்கு நாங்க உண்டு இல்லியா?"

அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் அக்கா போனை நீட்டுகிறார். அந்தப் பாட்டுக்காரியின் வேறு பாட்டு வேண்டுமாம், ஆல்டோ பாடும் பெண்களுக்கும் வேலை இருக்கிற மாதிரி.

உங்களுக்குத் தெரிந்தது இருந்தால் சொல்லுங்கள் மக்களே. எவ்வளவு நீளமான வரியாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் பதினாலு பேர் இருக்கிறோம்!