பீக்கிங்கில் ஒரு சஹன்

பீக்கிங் விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியது காலையில். தோக்கியோவுக்குப் போகும் விமானம் இரவுதான் என்றார்கள். ஒரு முழுப் பகல் கையில் இருந்தது. நான் செய்த முதல் வேலை, சுவரோரமாக இரண்டு கதிரைகளைப் பிடித்து ஒன்றில் மகளை உட்காரவைத்து, மற்றதில் நான் உட்கார்ந்து, பைகளின் வார்களைக் காலில் சுற்றிக்கொண்டதுதான். இரவு வரைக்கும் அப்படியே இருந்துவிடுவதாக எண்ணம்.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாகாமத்துக் குளத்தடி வயல்களில் நெற்பயிர் பார்த்துத் திரிந்த விவசாய உத்தியோகத்தரான என் கணவர், மேற்படிப்புக்காக ஜப்பானுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. எங்களையும் கூப்பிட்டுக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. நான் பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு கல்முனையிலிருந்து கிளம்பினேன். கொழும்பு, கராச்சி, பீக்கிங், தோக்கியோ என்று பயணம். வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தபோது இலகுவாகத்தான் தெரிந்தது.

ஆனால் கிளம்புவதற்குச் சில மாதங்கள் முன்பு மகளுக்கு டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சல் வந்திருந்தது. அந்த ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னும் தைரியமில்லை. இப்போது அவள் வளர்ந்து என் தோளைத் தாண்டிவிட்டாள். இன்றைக்கும் பக்கத்து அறையில் அவள் இருமினால் நான் எழும்பி உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர், "காய்ச்சல் போயிட்டு. இனிச் சாப்பிடவைக்கிறது உங்கட வேலை" என்றார். அந்த வேலைதான் எனக்கு முடியாமல் போனது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். மீன் ஆணம் கசக்கிறது என்பாள். தயிரும் சீனியும் பிசைந்து கொடுத்தால் இரண்டு வாயோடு கையைக் கழுவிவிடுவாள். கெஞ்சினேன், ஏசினேன், கதை சொல்லி ஊட்டினேன். சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக்கொண்டே போனேன். கொழுகொழுவென்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போன மனிதரிடம் இந்தப் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது என்பதுதான் வழி நெடுக என் நெஞ்சில் இருந்தது.

கிளம்புகிற அன்று கணவரின் தங்கை வந்து, "சீனாவில எறங்கினா வாயத் தொறக்காதீங்க மதினி. அங்க காத்திலயும் பாம்பு வாசந்தானாம்" என்றாள்.

"உங்கட மருமகள் எங்க வாயத் தொறக்கிறா? நான்தான் கவனமா இரிக்கணும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் பொரித்த இறைச்சியும் கராச்சியிலேயே புளித்துப்போய்க் குப்பைக்குப் போயின. விமானத்தில் தந்த சாப்பாட்டை மகள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பீக்கிங்கில் என் பையில் இருந்தது ஒரு பிஸ்கட் பக்கட்டும் மருந்துக் குப்பியும்தான்.

எங்கள் விமானத்தில் வந்த கராச்சி வியாபாரி ஒருவர் அடிக்கடி அந்த வழியில் போய் வருபவர். தாடி நரைத்த, சத்தமாகக் கதைக்கிற மனிதர். நான் அவரைப் பாய் என்றேன். அவர் எங்களிடம் வந்து ஆங்கிலத்தில், "ஏன் இங்கே இருக்கிறீர்கள்? பட்டணத்துக்குப் பஸ் விடுகிறார்கள். பள்ளிவாசல் இருக்கிறது, ஹலால் கடை இருக்கிறது. பிற்பகலில் அதே பஸ் கொண்டுவந்து விட்டுவிடும்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு முத்திரைத் துண்டைத் தந்திருந்தார்கள், அது தொலைந்தால் என்ன செய்வது? பஸ் பழுதாகிவிட்டால்? பிள்ளைக்குக் குளிர் பிடித்துவிட்டால்?

மகள் என்னைப் பார்த்தாள். "உம்மா, ஊருக்குப் போனா சீனாவில என்ன பாத்தாய் எண்டு கேப்பாங்க. கதிரையப் பாத்தன் எண்டா சொல்ற?"

காய்ச்சலுக்குப் பிறகு அவள் இவ்வளவு நீளமாக ஒரு பகிடி விட்டது அன்றைக்குத்தான். நான் பைகளின் வார்களைக் காலிலிருந்து அவிழ்த்தேன்.

பட்டணத்துக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் இலை உதிர்ந்துகொண்டிருந்த மரங்கள் வரிசையாக நின்றன. அப்பால் வயல்கள். பிறகு சைக்கிள்கள் தொடங்கின. ஆற்றில் தண்ணீர் போவதுபோலச் சைக்கிள்கள் போயின, எல்லாருக்கும் நீலச் சட்டை அல்லது சாம்பல் சட்டை. தெருவோரம் எங்கு பார்த்தாலும் முட்டைக்கோவா குவிந்திருந்தது. சூடடித்த நெல்லைக் களவெட்டியில் குவிப்பதுபோல, ஆள் உயரத்துக்குக் கோவா. குளிர்காலத்துக்கு வாங்கி அடுக்கி வைப்பார்களாம், பாய் சொன்னார். மகள் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "நம்மட மாவடிப்பள்ளியில இப்பிடிக் குவிச்சா மாடு விடுமா?" என்றாள். நான் எனது சால்வையையும் எடுத்து அவள் கழுத்தில் சுற்றினேன். கழற்றித் தந்தாள். மறுபடியும் சுற்றினேன்.

பள்ளிவாசலைப் பார்த்து நான் நம்பவில்லை. குப்பா என்கிற குவிமாடமும் இல்லை, மினாராக் கோபுரமும் இல்லை. ஓரங்கள் மேலே வளைந்த ஓட்டுக்கூரை, சிவப்புத் தூண்கள். உள்ளே மரப்பலகையில் பொன் நிறத்தில் கலிமா எழுதியிருந்தது. அதை வாசித்ததும் ஊரில் நிற்பதுபோல ஒரு ஆறுதல் வந்தது. மதியத்து லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் பாய் உள்ளே போக வேண்டும். பயணத்தில் இருப்பதால் நான் லுஹரையும் அஸரையும் பிறகு சேர்த்துத் தொழுதுகொள்ளலாம். அவர் எங்களை எதிர்ப்புறத்து ஹலால் கடைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்தவரிடம் சீன மொழியில் ஏதோ சொன்னார். "உங்களுக்குச் சாப்பாடு தரச் சொல்லியிருக்கிறேன். எங்காவது இடம் பார்த்து உட்காருங்கள். தொழுதுவிட்டு வருகிறேன்" என்று போய்விட்டார்.

கடை நிறைய ஆட்கள், ஆவி, கரி அடுப்பின் புகை. ஒரு வட்ட மேசையில் மட்டும் இரண்டு இடம் காலியாக இருந்தது. அங்கே நான்கு பெண்கள் வெள்ளைத் தொப்பியும் நீலச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ வேலைத்தலத்திலிருந்து சேர்ந்து வந்தவர்கள் போலத் தெரிந்தது. நான் அந்தக் கதிரைகளைக் கையால் காட்டினேன். நால்வரிலும் மூத்தவர், என் வயதிருக்கும், தலையை ஆட்டினார். உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் பெரிய வட்டத் தட்டொன்று மேசைக்கு நடுவில் வந்தது. எலும்போடு வெந்த ஆட்டிறைச்சி குவியலாக, சுற்றிவர எள்ளுத் தூவிய சின்ன ரொட்டிகள்.

நான் மனத்துக்குள் எண்ணினேன். அவர்கள் நாலு, நாங்கள் இரண்டு. ஆறு பேர்.

எங்கள் ஊரில் கல்யாணமோ கந்தூரியோ என்றால் சாப்பாடு சஹனில்தான் வரும். பெரிய வட்டத் தட்டில் சோறும் கறியும் குவித்து வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும். நாலு பேர் உட்கார்ந்திருந்தால் இன்னும் இரண்டு பேர் வரும்வரை யாரும் கை வைக்கமாட்டார்கள். வருபவர் யாரென்றும் கேட்பதில்லை. முன்பின் தெரியாதவரும் தன் பக்கத்திலிருந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவார். ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. இந்தப் பெண்கள் சஹன் நிறைவதற்காகக் காத்திருந்தார்கள், நாங்கள் வந்து நிறைத்தோம், சாப்பாடு வந்துவிட்டது. சீனாவிலும் நம்மட வழக்கந்தான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மூலையில் இருந்த குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்தோம். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வாய்விட்டு "பிஸ்மில்லாஹ்" சொல்லி, என் பக்கத்து ரொட்டியைப் பிய்த்தேன்.

நான்கு முகங்களும் ஒரேயடியாகத் திரும்பின. மூத்தவர் "பிஸ்மில்லாஹ்" என்றார், வேறு ராகத்தில், ஆனால் அதே சொல். பிறகு சிரித்தார். குச்சிகளை எடுத்து அவர்களும் தொடங்கினார்கள்.

மகள் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தொடு மகள்."

"எனக்கு வாணாம் உம்மா."

"நீ கை வெக்காட்டி அவங்க எப்பிடித் தின்ற? சஹன்ல குந்திட்டு வாணாம் எண்டு சொல்றயா?"

இது அவளுக்குத் தெரிந்த சட்டம். சஹனில் ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்கள் பசியோடு எழும்ப வேண்டிவரும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்ப்போம். எல்லாரும் முடிக்கும்வரை ஒரு பருக்கையையாவது அளைந்துகொண்டிருக்க வேண்டும். மகள் பெருமூச்சு விட்டு, ஒரு துண்டு இறைச்சியை எலும்பிலிருந்து இழுத்து வாயில் வைத்தாள். மென்றாள். நான் பார்க்காததுபோல ரொட்டியைப் பார்த்தேன்.

மூத்த பெண் ஒரு நல்ல துண்டைக் குச்சியால் தள்ளி மகளின் பக்கத்தில் வைத்தார். நம் ஊரில் பெரியவர்கள் சஹனில் செய்வது அப்படியே. மகள் அதையும் சாப்பிட்டாள், மரியாதைக்கு. இன்னொரு பெண் ரொட்டியைத் தள்ளினார். அதையும் சாப்பிட்டாள். நான் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டே, இவர்கள் சீக்கிரம் கையை எடுத்துவிடக் கூடாதே என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் எடுக்கவில்லை. ஆனால் அவர்கள் வயிறு நிறைந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. ஒருத்தி இடுப்புப் பட்டியைத் தளர்த்தினாள். ஆனாலும் மகளின் கை தட்டில் இருக்கும்வரை ஒவ்வொருவரும் ஒரு சின்னத் துண்டையாவது எடுத்துக் கொறித்துக்கொண்டே இருந்தார்கள்.

"உம்மா, இவங்க முடிக்கிறாங்களே இல்ல" என்றாள் மகள் வாய் நிறைய.

"ஓம். நீயும் முடிக்காத."

"எனக்கு வயிறு வெடிக்கப் போகுது."

அவள் முன்னால் எலும்புகள் சேர்ந்திருந்தன. நான் அதை எண்ணவில்லை, கண்பட்டுவிடும் என்ற பயம். அவள் விரல்களை நக்கினாள். அதை எத்தனை மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தண்ணீர் குடித்தேன்.

அப்போதுதான் பாய் தொழுதுவிட்டு வந்தார். மேசையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு கடைக்காரர் இருந்த பக்கம் பார்த்தார். அங்கே இரண்டு கிண்ணங்களில் மா நூல் ஆணம், நூடுல்ஸ் சூப்தான், ஆறிக்கொண்டிருந்தது.

"உங்கள் சாப்பாடு அங்கே அல்லவா இருக்கிறது?" என்றார்.

"அப்போ இது?"

அவர் மூத்த பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண் நீளமாக ஏதோ சொல்ல, மற்ற மூவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாய் தாடியைத் தடவிக்கொண்டு என்னிடம் சொன்னார். "இது அவர்கள் தங்களுக்கென்று வாங்கியது. இவர்களில் ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம், அதற்கான விருந்து. நீங்கள் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லையாம். பிஸ்மி சொன்னதும் விருந்தாளி வந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்களாம். விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாதல்லவா? இந்தப் பிள்ளை எப்போது நிறுத்தும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன், தமிழில் கேட்டேன், இரண்டும் அவர்களுக்கு விளங்கவில்லை. மகளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது.

"உம்மா, ஆர்ரயோ சஹன்ல பூந்து தின்னிரிக்கம்" என்றாள். சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்தது. மூத்த பெண் எழும்பி வந்து அவள் முதுகைத் தட்டினார். தட்டிக்கொண்டே அவரும் சிரித்தார். கல்யாணப் பெண் எவள் என்று நான் கையால் கேட்டேன். இடுப்புப் பட்டியைத் தளர்த்தியவள் வெட்கத்தோடு தலையைக் குனிந்தாள். நான் அவள் தலையில் கை வைத்து துஆச் செய்தேன், "ஆமீன்" என்று நால்வரும் சொன்னார்கள்.

விக்கல் நின்றதும் மகள் எழும்பிப் போய், ஆறிப்போன இரண்டு கிண்ணங்களையும் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். மேசையின் நடுவில் வைத்தாள். நான்கு பெண்களையும் பார்த்துக் கையை நீட்டி, "இது நம்மட. தின்னுங்க" என்றாள். தமிழில்தான். அவர்கள் ஐயோ என்பதுபோல வயிற்றைத் தொட்டுக் காட்டினார்கள். அவள் கேட்கவில்லை. அவள் தொடாமல் அவர்கள் தொடமாட்டார்கள் என்று கண்டுகொண்டு, கிண்ணத்துக்குள் விரலை விட்டு ஒரு நீளமான நூலைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து வாய்க்குள் இறக்கினாள். கல்யாணப் பெண் குச்சிகளை எடுத்தாள்.

பாய் வாசலில் நின்று, பஸ் வந்துவிட்டது, போக வேண்டும் என்றார். காலையில் அந்தப் பஸ்ஸைப் பற்றித்தான் நான் அவ்வளவு பயந்திருந்தேன்.

"கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள் பாய்," என்றேன். "பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்."